ஒரு நார், ஒரு நெல், ஒரு மணல்

பாட்டி வடை சுட்ட கதையில் வேலை செய்கிறவள் பாட்டி ஒருத்திதான். காக்கா திருடுகிறது, நரி ஏமாற்றுகிறது. உளுந்தை ஊறப்போட்டு, ஆட்டுக்கல்லில் அரைத்து, எண்ணெய் காயும்வரை அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைக் கதை முதல் வரியிலேயே தாண்டிப் போய்விடுகிறது. நீதி சொல்லும் இடத்திலும் அவள் பேச்சே இல்லை. முகஸ்துதிக்கு மயங்காதே என்று காக்காவுக்குத்தான் புத்தி சொல்கிறோம். அதாவது, திருடிய பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளக் கற்றுக்கொடுக்கிறோம். மலையாளத்துப் பிள்ளைகளின் பாட்டில் இதே காக்கா நெய்யப்பத்தைக் கொத்திக்கொண்டு போகிறது. வீட்டுக்குள் தமிழும் வாசல் தாண்டினால் மலையாளமுமாகப் பிள்ளைகள் வளரும் பாலக்காட்டுக் கல்பாத்தியில், ஒரு குழந்தைக்கு இரண்டு பலகாரமும் பறிபோகின்றன. இரண்டையும் சுட்டவர்களுக்கு ஒரு வார்த்தை ஆறுதல் கிடையாது.

உழைப்பின் அருமையைச் சொல்வதற்கென்றே இருக்கிற பிராணிக் கதைகள் வேறு. எறும்பு வரும், தூக்கணாங்குருவி வரும், நெல் கொண்டுபோகும் சிட்டு வரும், சேதுவுக்கு மணல் சுமந்த அணில் வரும். இவற்றைப் பெரியவர்கள் கடைசி வரிக்காகச் சொல்கிறார்கள். குழந்தைகள் நடுவில் வருகிற சில்லறை விவரங்களுக்காகக் கேட்கிறார்கள். அணில் எப்படி மணலைத் தூக்கியது, குருவி எந்த நாரை முதலில் முடிச்சுப் போட்டது என்பதுதான் அவர்கள் கேள்வி. இந்த விஷயத்தில் நான் குழந்தைகள் கட்சி.

எறும்பும் வெட்டுக்கிளியும் கதையை எல்லாரும் ஒரே மாதிரிதான் கேட்டிருப்போம். கோடை முழுக்க எறும்பு தானியம் சேர்த்தது, வெட்டுக்கிளி பாடித் திரிந்தது, குளிர் வந்தது, எறும்பு கதவைச் சாத்தியது. ஈசாப்பின் பேரில் வழங்கும் கிரேக்கக் கதை இப்படி ஆரம்பிக்கவில்லை. அது குளிர்காலத்திலேயே தொடங்குகிறது. தானியம் நனைந்துவிட்டது; எறும்புகள் அதைப் பரப்பி உலர்த்திக்கொண்டிருக்கின்றன. அந்த நேரம் பார்த்துப் பசியோடு, வெட்டுக்கிளி அல்ல, ஒரு சில்வண்டு வந்து கேட்கிறது. நனைந்த தானியம் என்ற இந்த ஒரு விவரத்தைப் பாடப்புத்தகக்காரர்கள் எதற்காக வெட்டினார்களோ! கதையின் உயிரே அதில் இருக்கிறது. சேர்த்து வைத்துவிட்டால் அப்புறம் காலை நீட்டிக்கொள்ளலாம் என்கிற நினைப்பை அது எடுத்த எடுப்பில் உடைத்துவிடுகிறது. சேர்த்ததைக் காப்பாற்றுவது தனி வேலை, அதற்கு லீவு கிடையாது.

கல்பாத்தியில் பிறந்த குழந்தைக்கு இதை விளக்கவே வேண்டாம். மாசி, பங்குனி வெயிலில் பழைய வேட்டியை விரித்து வடாம் பிழிந்து, மோரில் ஊறிய மிளகாயையும் சுண்டைக்காயையும் பரப்பி வைத்துவிட்டு, கையில் ஒரு குச்சியைக் கொடுத்து அந்தக் குழந்தையைத்தான் காவலுக்கு உட்கார வைப்பார்கள். கொண்டாட்டம் என்கிற வற்றலும் அப்பளமும் விற்கிற கடைகள் இன்றைக்கும் அந்தத் தெருக்களுக்கு ஒரு அடையாளம். பாலக்காட்டு வெயில் சாதாரண வெயில் இல்லை; ஆனாலும் மலைப்பக்கம் ஒரு மேகம் தலைகாட்டினால் போதும், சமையலை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து எல்லாவற்றையும் வாரி உள்ளே கொண்டுபோவார்கள். மறுநாள் காலை மறுபடி விரிப்பு, மறுபடி காவல். பிழிகிற வேலை ஒரு நாளோடு போகும், காயவைக்கிற வேலைதான் ஆளை உட்கார விடாது. அந்தக் கிரேக்கன் எறும்பைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கதை சொல்லியிருக்கிறான்.

பார்த்துத்தான் சொன்னானா என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. எறும்பு தானியம் சேர்க்கிறது என்பதே கட்டுக்கதை என்று வட ஐரோப்பிய அறிஞர்கள் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். அவர்கள் ஊர் எறும்புக்கு அந்தப் பழக்கமில்லை. பூனாவில் இருந்த ராணுவ அதிகாரி டபிள்யூ. எச். சைக்ஸ், மழை ஓய்ந்தபின் எறும்புகள் புல்விதைகளை வளைக்கு வெளியே கொண்டுவந்து உலர்த்துவதைக் கண்ணால் கண்டு 1830களில் எழுதினார். 1873இல் மொக்ரிட்ஜ் என்ற ஆங்கிலேயர் பிரான்சின் தென்கரை எறும்புகளின் களஞ்சியங்களைத் தோண்டிப் பார்த்து ஒரு புத்தகமே போட்டார். வழக்கு எறும்பின் பக்கம் தீர்ந்தது.

ஆனால் சில்வண்டின் வழக்கு தீரவில்லை. பூச்சிகளோடு வாழ்ந்து பூச்சிகளைப் பற்றியே எழுதிய பிரெஞ்சுக்காரர் ழான் ஆன்ரி ஃபாபர், லா ஃபோந்தேன் 1668இல் கவிதையாக்கிய இந்தக் கதையைக் கையில் எடுத்துக்கொண்டு சில்வண்டுக்காக வாதாடினார். அது குளிர்காலம் வரை உயிரோடு இருப்பதே இல்லை. தானியம் அதற்கு உணவும் இல்லை; மரப்பட்டையைத் துளைத்துச் சாறு குடிக்கிற பிராணி அது. சாறு கசிகிற இடத்தில் கூட்டமாக வந்து மொய்த்து, துளை போட்டவளின் காலைக் கடித்து விரட்டிவிட்டு, ஓசியில் குடிப்பது யார் தெரியுமா? எறும்பு. ஃபாபருக்கு முன்னாலேயே ரூஸோ, 1762இல் வெளிவந்த ‘எமீல்’ நூலில், இந்தக் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லாதீர்கள் என்று எச்சரித்திருக்கிறார். சில்வண்டைப் பார்த்து அவர்கள் திருந்தப்போவதில்லை, எறும்பைப் பார்த்து இல்லை என்று சொல்லக் கற்றுக்கொள்வார்கள், அதையும் கேலியோடு சொல்லக் கற்றுக்கொள்வார்கள் என்பது அவர் கட்சி. ஈசாப்பின் பேரிலேயே இன்னொரு குட்டிக்கதை உண்டு. எறும்பு முன்னொரு காலத்தில் உழவனாக இருந்ததாம். தன் விளைச்சல் போதாமல் அக்கம்பக்கத்து வயலிலும் கைவைத்ததாம். ஜீயஸ் கோபித்து எறும்பாக்கிவிட்டார். உடம்பு சிறுத்தது, பழக்கம் போகவில்லை. சுறுசுறுப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கிற கண் அந்தக் கதை சொன்னவனுக்கு இருந்திருக்கிறது. பள்ளிக்கூட வாசகத்தில் இது இடம் பிடிக்காததில் ஆச்சரியமில்லை.

நம் பக்கம் எறும்பைப் பார்த்த பார்வை வேறு. புறநானூற்றின் 173ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாடியவன் சோழ அரசன் கிள்ளிவளவன். பாடப்பட்டவன் அரசன்கூட இல்லை, சிறுகுடி என்ற ஊரின் தலைவன் பண்ணன். புலவர்கள் அரசர்களைப் பாடுகிற தொகுப்பில் ஓர் அரசன் இறங்கி வந்து, தன்னைப் பசித்த பாணனாக வைத்துக்கொண்டு பாடுகிறான். வழியில் நடந்து வருகிறான். பழுத்த மரத்தில் பறவைகள் இரைவதுபோல் சாப்பிடுகிறவர்களின் சத்தம் தூரத்தில் கேட்கிறது. இன்னும் கொஞ்சம் கிட்டே வந்ததும் பிள்ளைகள் கண்ணில் படுகிறார்கள். கையில் சோற்றோடு, பெரிய சுற்றத்தின் சிறுவர்கள், சின்னச் சின்ன வரிசைகளாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எதைப்போல? மழை வரப்போகிறது என்று தெரிந்து முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டு நிலத்துக்குப் போகிற எறும்புச் சாரியைப்போல.

இந்த உவமையை அவசரமாகப் படித்துவிடக் கூடாது. சோறு வெள்ளை, முட்டை வெள்ளை என்பது முதல் பார்வையிலேயே தெரிகிற பொருத்தம். எறும்பின் உடம்பு எவ்வளவு சிறிது, அது தூக்குகிற வெள்ளைப் பொதி எவ்வளவு பெரிது என்று பார்த்தால் குழந்தையின் உள்ளங்கையும் அதில் அடங்காத சோற்றுருண்டையும் கண்முன் வரும். குழந்தை சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கும்போது ஓடுவதில்லை; சிந்திவிடும் என்ற கவனம் நடையில் இருக்கும். எறும்பும் முட்டையோடு போகும்போது அப்படித்தான் போகிறது. இன்னும் உள்ளே போனால் ஒன்று அகப்படுகிறது. இந்த எறும்பு சேமிக்கவில்லை. அதன் வாயில் இருப்பது தானியமே அல்ல, அதன் அடுத்த தலைமுறை. மறுபக்கம் சோறு ஏந்திப் போகிறவர்களும் ஓர் ஊரின் அடுத்த தலைமுறை. எறும்பின் பாடுபடுதலை வைத்து ஒரு வீட்டுக்காரனின் கொடையைப் பாடுகிறான் சோழன். கதவு சாத்திய எறும்பும் இந்த எறும்பும் ஒரே சாதிதானா என்று கேட்கத் தோன்றும். இத்தனையையும் கண்ணால் கண்ட பிறகும் பாணன் நிற்காமல் கேட்டுக்கொண்டே வருகிறான்: பசி என்கிற நோய்க்கு வைத்தியம் பார்க்கிறவன் வீடு பக்கமா, தூரமா, சொல்லுங்கள் என்று. பசித்தவனுக்குத் தெரிந்த பதிலையும் இன்னொரு தடவை கேட்டால்தான் திருப்தி.

கல்பாத்தியில் எறும்பைக் குழந்தை முதலில் சந்திப்பது வாசல் கோலத்தில். தெருவின் இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டி ஒரே நீளமாகப் போகும் வீடுகள். திண்ணை, அதற்குக் கீழே வாசல், வாசலில் அரிசிமாக் கோலம். வெயில் ஏறுவதற்குள் எறும்புச் சாரி வந்துவிடும். இந்த வீட்டுப் புள்ளியிலிருந்து புறப்பட்டு, பொதுச்சுவர் ஓரமாகவே நடந்து, அடுத்த வீட்டுத் திண்ணைப் பொந்தில் நுழைகிறது. மாவு இவர்கள் வீட்டு மாவு, குடித்தனம் அவர்கள் வீட்டில். குந்தி உட்கார்ந்து பார்த்தால் இழையின் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவது தெரியும். சுழியும் வளைவும் அப்படியே இருக்க, அகலம் மட்டும் குறைகிறது. கல்மாவில் போட்ட கோலத்தை எறும்பு கொம்பால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போய்விடும். நாள் முழுக்கப் பளிச்சென்று இருக்கிற கோலத்தை நான் அவ்வளவாக மெச்சுவதில்லை.

எறும்பை விட்டால் அடுத்து நெல். பாலக்காடு நெல்லுக்குப் பேர்போன சீமை. வீட்டுக்குள் ஆள் உயரத்துக்குப் பத்தாயம் நின்ற காலத்தில், தூங்க மறுக்கும் பிள்ளைக்கென்று ஒரு கதை இருந்தது. தமிழ்நாட்டிலும் இது ஊருக்கு ஊர் உண்டு. ஒரு ராஜாவுக்குக் கதை கேட்டு அலுக்கவே இல்லை. முடியாத கதை சொல்கிறவனுக்குப் பாதி ராஜ்யம் என்று தண்டோரா போட்டுவிட்டார். ஒருவன் வந்தான். ஒரு பெரிய பத்தாயம், நிறைய நெல், மூலையில் ஒரு சின்ன ஓட்டை. ஒரு குருவி வந்தது, ஒரு நெல்லை எடுத்துண்டு பறந்து போச்சு.

“அப்பறம்?”

“இன்னொரு குருவி வந்தது, இன்னொரு நெல்லை எடுத்துண்டு போச்சு.”

“அப்பறம்?”

“இன்னொரு குருவி...”

“பாட்டி, நெல்லு எப்போ தீரும்?”

“பத்தாயம் எத்தனை பெரிசாக்கும்! அதுக்குள்ள தீருமா?”

இதில் நீதியே இல்லை, அதனால்தான் இதை உழைப்புக் கதைகளில் முதல் வரிசையில் வைக்கிறேன். உழைப்பு என்றால் என்ன என்று வேறெந்தக் கதையும் இவ்வளவு நேர்மையாகச் சொல்வதில்லை. மற்றக் கதைகளில் ‘கஷ்டப்பட்டுச் சேர்த்தது’ என்று ஒரே சொல்லில் ஒரு பருவத்தையே முடித்துவிடுகிறார்கள். இங்கே ஒரு நெல்லுக்கு ஒரு பறப்பு, ஒரு பறப்புக்கு ஒரு வாக்கியம். சுருக்க வழியே இல்லை. ஓட்டையின் அளவு இதில் எவ்வளவு முக்கியம் பாருங்கள்: ஒரு குருவி நுழையலாம், இரண்டு நுழைய முடியாது. இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் குருவிக்கூட்டம் மொத்தமாக வந்து ஒரே வாக்கியத்தில் பத்தாயத்தைக் காலிபண்ணிவிடும், கதை விழுந்துவிடும். கேட்கிற பிள்ளைக்கு முதலில் சிரிப்பு, பிறகு எரிச்சல், பிறகு தூக்கம். ராஜாவுக்கும் அதே வரிசைதான். அவர் தூங்குவதற்குப் பதிலாகப் பாதி ராஜ்யத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து போகிறார். ஓயாத வேலைக்கு முன்னால் அதிகாரம் கைதூக்கிவிடுகிற காட்சியை இதைவிடச் செலவில்லாமல் யாரும் எழுதியதில்லை.

தூக்கணாங்குருவிக் கதை இதற்கு நேர்மாறு. அதில் நீதி உண்டு. ஆனால் அது போகிற இடம் வேறு.

பாலக்காட்டுக்காரர்களுக்குத் தூக்கணாங்குருவியை அறிமுகப்படுத்த வேண்டாம். கரும்பனைகள் வரிசையாக நிற்கிற சமவெளி அது, ஓ. வி. விஜயனின் ‘கசாக்கின் இதிகாசம்’ நாவலைப் படித்தவர்கள் அந்தப் பனைகளின் காற்றோசையை மறந்திருக்க மாட்டார்கள். பக்கத்திலேயே வயல், வயலில் நெற்பயிர், பயிரில் நீள இலை. வீட்டுமனையும் மரச்சாமானும் ஒரே இடத்தில் கிடைத்த மாதிரி குருவிக்கு வேறென்ன வேண்டும்? மழைக்காலத்தை ஒட்டி ஆண் குருவி தலையில் மஞ்சள் ஏற்றிக்கொண்டு வேலையில் இறங்கும். இலையின் ஓரத்தில் அலகால் ஒரு வெட்டு. வெட்டிய முனையைப் பிடித்துக்கொண்டு ஒரே பறப்பு; பறக்கிற வேகத்திலேயே நார் நீளமாகக் கிழிந்து வந்துவிடும். பனை மட்டையின் நுனியில் முதல் முடிச்சு, அதிலிருந்து ஒரு வளையம், வளையத்தில் உட்கார்ந்தபடியே முன்னாலும் பின்னாலும் கோத்துக்கொண்டு போய் ஒரு தொப்பி. எட்டு நாள் போலத் தொப்பி ஆகும். கூடு முழுதாக 18 நாள். ஒரு கூட்டுக்கு 500 தடவை வரை பறந்து திரும்புகிறது என்று பறவை ஆராய்ச்சிக்காரர்கள் கணக்குச் சொல்கிறார்கள். மரத்தில் தென்மேற்குக் காற்று அறையும் பக்கத்தை விட்டுக் கிழக்குப் பக்கமாகக் கட்டுவதும் இதன் வழக்கம். கூட்டுக்குள் ஈர மண்ணை அப்பி வைக்கிறது. அதில் மின்மினியை ஒட்டி விளக்கேற்றிக்கொள்கிறது என்பது பாட்டிமார் சேர்த்தது. விளக்கு பொய், மண் நிஜம். பொய்க்கே நிஜமான ஒரு பிடி மண்ணை அடிப்படையாக வைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

உறையூர்ப் பல்காயனார் பாடிய குறுந்தொகை 374ஆம் பாட்டில் இந்தக் கூடு வருகிறது, நெடிய பனைமரத்தில் கட்டியது என்ற விவரத்தோடு. அங்கே உழைப்புக்கும் சோம்பலுக்கும் இடமில்லை. ஒரு பெண்ணின் காதல் விஷயத்தில் ஊரே ஆளுக்கொரு பக்கமாகக் குழம்பிக் கிடந்தது, அந்தக் குழப்பம் குருவிக்கூட்டின் பின்னலைவிட மோசம் என்கிறாள் தோழி. எந்த நார் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கூட்டைக் கையில் வைத்துத் தேடிப் பார்த்தவருக்குத்தான் இப்படிச் சொல்ல வரும்.

கதைக்கு வருவோம். மழை கொட்டுகிறது. குருவி கூட்டுக்குள் சுகமாக இருக்கிறது, குரங்கு கிளையில் நனைந்து நடுங்குகிறது. குருவிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. கையும் காலும் மனுஷன் மாதிரி வைத்திருக்கிறாய், வெறும் அலகை வைத்துக்கொண்டு நான் கட்டிவிட்டேனே, உனக்கென்ன வந்தது என்கிறது. குரங்குக்கு வந்தது கோபம். மேலே தாவிக் கூட்டைப் பிய்த்து எறிந்துவிட்டது. பஞ்சதந்திரத்தில் இருப்பதும் இதுதான், ‘விவேகசிந்தாமணி’யில் இருப்பதும் இதுதான். இரண்டு இடத்திலும் பெரியவர்கள் எடுத்த பாடம், தகாதவனுக்குப் புத்தி சொல்லாதே என்பது. பிள்ளைகளின் புத்தகத்துக்கு வரும்போது அது மெல்லச் சாய்ந்து, சோம்பேறியாக இருக்காதே என்று ஆகிவிடுகிறது. சாய்த்தவர்கள் கதையின் முடிவைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மழை நிற்கும்போது உழைத்தவனும் உழைக்காதவனும் ஒரே கிளையில் ஒரே மாதிரி நனைந்திருக்கிறார்கள். குழந்தை அதைச் சரியாகப் பிடித்துக்கொள்ளும். “அப்போ குருவி எங்கே தூங்கும்?” என்று கேட்கும். அதற்குப் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை.

எனக்குப் பிடித்த நுணுக்கம் அந்தக் கை. குருவி குரங்கைத் திட்டவில்லை. அதன் கையைப் புகழ்கிறது. புகழ்ச்சியாக ஆரம்பித்து நடுவழியில் குத்தலாகத் திரும்புகிறது பேச்சு. குரங்குக்குச் சுட்டது சோம்பேறி என்ற சொல் இல்லை, உன்னிடம் எல்லாம் இருக்கிறதே என்ற சொல். புகழ்ந்து சொன்ன அதே கையால்தான் கூடு பிய்கிறது. இதைக் கதை எங்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

சாதம் ஊட்டுகிறவர்கள் கையில் இதே கதை இன்னொரு அவதாரம் எடுக்கும். குருவி ஒரு நார் கொண்டுவந்தது, ஆ காட்டு. இன்னொரு நார் கொண்டுவந்தது, ஆ. முடிச்சுப் போட்டது, ஆ. கிண்ணம் காலியாகிற வரைக்கும் கூடு முடியாது. குரங்கு வருவதற்குள் குழந்தை சாப்பிட்டு முடித்துவிடும். பாதி நாள் குரங்கு வரவே வராது. கதையைப் பாதியில் விடுவதிலும் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

இந்தக் கதைகளைச் சொல்கிறது யார் என்பதும் இந்தப் பக்கத்தில் சுவாரசியமான விஷயம். கல்பாத்திப் புழை மேற்கே போய்ப் பறளியில் கண்ணாடிப் புழையோடு சேர்ந்து பாரதப்புழையாகிறது. அந்தத் தண்ணீர் லக்கிடியைத் தாண்டும் இடத்தில்தான் கிள்ளிக்குறிச்சிமங்கலம், குஞ்சன் நம்பியார் பிறந்த ஊர். துள்ளல் பாட்டுக்குப் பேர்போன நம்பியார், 18ஆம் நூற்றாண்டில், பஞ்சதந்திரத்தையும் மலையாளத்தில் பாடினார், கிளிப்பாட்டாக. கிளிப்பாட்டு என்றால் கவிஞன் வாய் திறப்பதில்லை. கிளியை அழைத்துச் சொல்லச் சொல்வான், கிளி சொல்லும். ஆக, பிராணிகளின் கதையைப் பிராணியின் வாயாலேயே கேட்கிறோம். மனுஷன் உபதேசம் பண்ணினால் வருகிற எரிச்சல் கிளி பண்ணினால் வருவதில்லை. தமிழில் தாண்டவராய முதலியார் 1826இல் பஞ்சதந்திரத்தை வசனத்தில் கொண்டுவந்தார். அதுவும் நல்ல நூல்தான். ஆனாலும் கிளி இல்லாத குறை ஒரு குறையே.

குருவி கேட்டிருக்க வேண்டிய தனிப்பாடல் ஒன்று ஔவை பேரில் வழங்குகிறது. குருவியின் கூடு, அரக்குப் பூச்சியின் அரக்கு, கரையானின் புற்று, தேனீயின் தேன், சிலந்தியின் வலை என்று ஐந்தை வரிசையாக வைத்து, இதில் ஒன்றையாவது நம்மில் யாராலும் செய்ய முடியுமா என்று கேட்கிற பாட்டு. யாம் பெரிய வல்லவர் என்று மார்தட்ட வேண்டாம், ஆளுக்கொன்று சுலபமாக வரும் என்று போகிறது. தேர்வைப் பாருங்கள். சிங்கம் இல்லை, யானை இல்லை. எல்லாம் சின்ன உடம்புகள். எல்லாமே தன் உடம்பிலிருந்தோ வாயிலிருந்தோ பொருளை உண்டாக்குகிறவை, அல்லது வாயால் கொண்டுவந்து கோக்கிறவை. ஒன்றுக்கும் கருவி கிடையாது. குரங்குக்கு நாக்கால் பதில் சொன்ன குருவியைக் கரையானுக்குப் பக்கத்தில் உட்கார வைத்ததும் அதன் கர்வம் தானாகச் சமன்பட்டுவிடுகிறது.

கருவி இல்லாத உழைப்பு என்றால் அணில்தான். வால்மீகியில் அணில் இல்லை. சேது கட்டும் கதையில் அது எப்போது வந்து சேர்ந்தது என்று தேடினால் தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலை, 27ஆம் பாட்டு அகப்படும். குரங்குகள் மலைகளைப் புரட்டித் தள்ளுகின்றன. அணில் என்ன செய்கிறது? குளிக்கிறது, புரள்கிறது, ஓடுகிறது. ஆழ்வார் மூன்று வினைச்சொல்லில் முடித்துவிடுகிறார். உடம்பு நனைந்தால்தான் மணல் ஒட்டும், அதனால் முதலில் குளியல். மணல் ஒட்ட வேண்டும், அதனால் புரளல். காய்ந்து உதிர்வதற்குள் போய்ச் சேர வேண்டும், அதனால் ஓட்டம். உடம்பையே கூடையாக்கிக்கொண்ட தந்திரம் இது. மலை தூக்குகிற குரங்குக்கு யோசனை தேவைப்படவில்லை, அணிலுக்குத் தேவைப்பட்டது. அந்தக் கபடில்லாத அணிலைப்போலக்கூட நான் இல்லையே என்று ஆழ்வார் தன்னை நொந்துகொள்கிறார். அணிலை மெச்சி ராமன் தடவிக்கொடுத்ததும், மூன்று விரல் மூன்று கோடானதும் அந்தப் பாட்டில் கிடையாது. அது வீட்டுத் திண்ணைகளில் வளர்ந்த பகுதி. வட இந்தியாவில் ஓடுகிற அணில் ஜாதிக்கு முதுகில் ஐந்து கோடு. அங்கே ராமன் முழுக் கையாலும் தடவியிருக்க வேண்டும்.

கணக்குப் பார்த்தால் அணிலின் மணலால் சேதுவுக்கு ஒரு விரற்கடை உயரம்கூடக் கூடியிருக்காது. கணக்குப் பார்க்காமல் விட்டதுதான் அந்தக் கதையின் அழகு. எறும்புக்குக் களஞ்சியம் உண்டு, குருவிக்குக் கூடு உண்டு, நெல் சுமந்த சிட்டுக்குப் பாதி ராஜ்யத்தில் ஒரு பங்கு உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். அணில் மட்டும் தனக்காக ஒன்றும் செய்யவில்லை. ஊர் கூடிச் செய்கிற வேலையில் தானும் இருந்தோம் என்பதோடு அதற்குத் திருப்தி.

ஐப்பசிக் கடைசியில், தேர் ஓடும் மூன்று நாளும் கல்பாத்தியில் இந்த அணில்களை எண்ணி மாளாது. மாயவரத்து உற்சவத்தை ஒட்டி அமைந்தது என்று சொல்லப்படும் திருவிழா. விசாலாட்சி சமேத விசுவநாதர் தேரும், மந்தக்கரைப் பிள்ளையார், பழைய கல்பாத்திப் பெருமாள், சாத்தபுரத்துப் பிள்ளையார் தேர்களும் தெருவுக்கு வரும். முன்னால் நூற்றுக்கணக்கான பேர் வடம் பிடித்து இழுப்பார்கள். பின்னால் யானை. மத்தகத்தைத் தேரின் முதுகில் கொடுத்து, பாகன் குரலுக்கு ஒரு தள்ளு. சக்கரம் ஒரு முறை முனகிவிட்டு நகரும். யானை தள்ளுகிறபோது பின்னங்காலைப் பார்க்க வேண்டும். பாதம் முழுதும் மண்ணில் பதிந்து, முட்டி மெதுவாக நிமிரும். அவசரமே இருக்காது. பெரியவர்கள் பார்வை சுவாமி மேல், சிறியவர்கள் பார்வை யானை மேல். வடத்தின் வால் நுனியை, வெறும் கயிறாகத் தொய்ந்து தரையில் இழுபடும் பகுதியை, ஐந்து வயசு, ஆறு வயசுப் பிள்ளைகள் நாலைந்து பேர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, முகம் சிவக்க இழுப்பார்கள். அந்த இடத்தில் கயிற்றுக்கும் தேருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உள்ளங்கை மட்டும் நிஜமாகவே கன்றிப்போகும். அவர்களில் ஒருவன் வீட்டுக்கு வந்து அதை விரித்துக் காட்டுவான்.

“தாத்தா, நான்தானாக்கும் தேரை இழுத்தேன்.”

“பின்னே யாரு? ஆனை சும்மா துணைக்கு வந்ததாக்கும்.”